புலியைக் கொன்றது யார்? ஆங்கிலம் படிக்கும் தமிழருக்குச் சறுக்கும் இடங்கள்

"மனிதன் புலியைக் கொன்றான்." இதையே "புலியை மனிதன் கொன்றான்" என்று சொல்லிப் பாருங்கள். "கொன்றான் மனிதன் புலியை" என்று நாடக வசனம் மாதிரி முழங்கினாலும் சரி. எப்படிப் புரட்டிப் போட்டாலும் செத்தது புலிதான். காரணம், புலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' என்ற ஒற்றை உருபு. அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும், அடி வாங்கியது யார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆங்கிலத்தில் 'தி மேன் கில்ட் தி டைகர்' என்றால் புலி செத்தது. அதே சொற்களை இடம் மாற்றி 'தி டைகர் கில்ட் தி மேன்' என்றால் மனிதன் செத்தான். சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, மாறியது இடம் மட்டும்.

ஆங்கிலம் படிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் வந்து முடிகின்றன. தமிழ் தன் வேலையைச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. யார் செய்தார், எப்போது செய்தார், எங்கே, யாருக்கு, கேட்கிறாரா சொல்கிறாரா, மரியாதை உண்டா இல்லையா எல்லாமே விகுதியிலும் உருபிலும் அடங்கிவிடும். ஆங்கிலம் அந்த வாலைக் கிட்டத்தட்ட அறுத்துவிட்ட மொழி. வால் செய்த வேலையை அங்கே இரண்டு பேர் பங்குபோட்டுச் செய்கிறார்கள்: ஒன்று, சொல் நிற்கும் இடம், இன்னொன்று, தனித்தனியாக நிற்கும் குட்டிச் சொற்கள்.

'அறுத்துவிட்ட' என்று சும்மா சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களை ஓரளவு இஷ்டத்துக்கு இடம் மாற்றலாம். பிறகு அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன, இடம் இறுகியது. உதிராமல் மிஞ்சியவற்றை இன்றும் பார்க்கலாம். 'ஹி' என்பது அவன், 'ஹிம்' என்பது அவனை. 'தே' என்றால் அவர்கள், 'தெம்' என்றால் அவர்களை. பழைய வேற்றுமைகளின் எலும்புகள் இவை.

கண்ணாடி வாக்கியம்

நீளமான வாக்கியம் பேச ஆரம்பித்து நடுவில் சிக்கிக்கொள்வதுதான் பலருக்கும் பெரிய அவஸ்தை. சின்ன வாக்கியம் வருகிறது, பெரியது வரவில்லை என்பார்கள். சொல்வளம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அகராதியைத் தூக்குவார்கள். பெரும்பாலும் பிரச்சினை சொல் இல்லை, திசை.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "மழை பெய்ததால் வராத நண்பனின் வீட்டுக்குப் போனேன்."

இதைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். போனேன்: 'ஐ வென்ட்'. வீட்டுக்கு: 'டு தி ஹவுஸ்'. நண்பனின்: 'ஆஃப் தி ஃப்ரெண்ட்'. வராத: 'ஹூ டிட்ன்ட் கம்'. பெய்ததால்: 'பிகாஸ்'. மழை: 'இட் ரெய்ன்ட்'. அவ்வளவுதான், ஆங்கில வாக்கியம் தயார். ஒரு சொல் பாக்கியில்லாமல் அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கிறது.

எல்லா வாக்கியமும் இவ்வளவு சுத்தமாகத் திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் திசை இதுதான். தமிழில் விவரமெல்லாம் முன்னால் வந்து, முக்கியமான சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முக்கியமானதைப் போட்டுவிட்டுத்தான் விவரத்தைத் தொங்கவிட வேண்டும். 'வீட்டுக்கு' என்பதில் 'கு' பின்னால் இருக்கிறது, 'டு தி ஹவுஸ்' என்பதில் 'டு' முன்னால் இருக்கிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' அங்கே 'புத்தகம், வாங்கிய, நேற்று' ஆகிவிடும். அதனால் பேசத் தொடங்கும் முன் மனத்தில் தமிழ் வாக்கியம் ஓடினால், அதன் கடைசி வினைச்சொல்லைப் பிடியுங்கள். 'யார், என்ன செய்தார்' என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை நிதானமாகப் பின்னால் இழுத்து வரலாம். முதல் இரண்டு சொல் வெளியே வந்துவிட்டாலே பதற்றம் பாதி குறையும்.

மேலே 'இட் ரெய்ன்ட்' என்று வந்ததே, அந்த 'இட்' யார்? மழையா, வானமா? யாரும் இல்லை. தமிழில் 'போனேன்' என்று மட்டும் சொன்னால் போதும். 'ஏன்' என்ற விகுதியிலேயே 'நான்' இருக்கிறது. ஆங்கிலத்தின் 'வென்ட்' நானா நீயா அவர்களா என்று எதுவும் சொல்லாது. அதனால் எழுவாய் உட்காரும் நாற்காலி அங்கே காலியாக இருக்கக்கூடாது. உட்கார ஆளே இல்லாவிட்டாலும் ஒரு பொம்மையையாவது உட்கார வைப்பார்கள். மழை பெய்வதிலும், மணி சொல்வதிலும், 'கஷ்டமாக இருக்கிறது' என்பதிலும் வருகிற 'இட்' அந்தப் பொம்மை.

'டிட் வென்ட்' ஏன் தப்பு?

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். வாலில் ஓர் 'ஆ' போட்டால் முடிந்தது. 'தெரியும்', 'தெரியுமா?' ஆங்கிலத்துக்கு அந்த வால் கிடையாது. ஆகவே இடத்தை மாற்றிக் கேட்கிறது: 'யூ ஆர் ரெடி' என்பது 'ஆர் யூ ரெடி?' ஆகிறது. 'ஆர்', 'இஸ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினை இருந்தால் அதைத் தூக்கி முன்னால் வைத்தால் போதும்.

'யூ நோ ஹிம்' என்பதில் தூக்கி வைக்கத் துணைவினையே இல்லையே? பழைய ஆங்கிலத்தில் 'நோ யூ ஹிம்?' என்று முதன்மை வினையையே தூக்கி முன்னால் வைத்தார்கள். ஷேக்ஸ்பியர் (1564–1616) காலத்தில் இந்த வகையும் இன்றைய 'டூ யூ நோ?' வகையும் பக்கம் பக்கமாகப் புழங்கின. பிறகு பழையது ஒழிந்து, 'டூ' நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் 'டூ' என்பதற்குச் 'செய்' என்ற பொருள் கிடையாது. அது கூலிக்கு வந்த சுமையாள்.

சுமையாள் என்று நினைத்துக்கொண்டால் ஒரு பெரிய குழப்பம் தீரும். இறந்தகாலம் ஒரு மூட்டை. 'ஹி வென்ட்' என்பதில் அந்த மூட்டை வினையின் தலையில் இருக்கிறது. கேள்வி கேட்க 'டூ'வை வரவழைத்ததும் மூட்டை அதன் தலைக்கு மாறி 'டிட்' ஆகிறது. வினை வெறுங்கையோடு 'கோ' என்று நிற்கும். 'டிட் ஹி கோ?' மூட்டை ஒன்றுதான். 'டிட் ஹி வென்ட்?' என்று கேட்டால் ஒரே மூட்டையை இருவர் சுமப்பதாகச் சொல்வது போல. 'ஹி கோஸ்' என்பதில் கடைசியில் ஒட்டிய 'ஸ்'சும் இப்படித்தான் சுமையாளிடம் போய் 'டஸ் ஹி கோ?' என்றாகிறது. 'டஸ் ஹி கோஸ்' இல்லை. 'டிட்ன்ட்' போட்டு இல்லை என்று சொல்லும்போதும் இதே கணக்கு.

இதைக் கற்றவர்கள் அடுத்து ஒரு குழியில் விழுவார்கள். 'வேர் இஸ் ஹி?' என்று நன்றாகக் கேட்டுப் பழகி, 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்பார்கள். "அவன் எங்கே என்று தெரியவில்லை" என்று சொல்லும்போது நாம் கேள்வி கேட்கவில்லை, தகவல்தான் சொல்கிறோம். அதனால் இடம் மாற்றவும் வேண்டாம்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்'.

'எனக்கு' வரும் வினைகள்

"அவர் ஆசிரியர்." இரண்டே சொற்கள், வினையே இல்லை, ஆனால் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் எழுவாய் நாற்காலி போலவே வினை நாற்காலியும் காலியாக இருக்கக்கூடாது. எனவே 'ஹி இஸ் எ டீச்சர்'. தொடக்கத்தில் இந்த 'இஸ்' விட்டுப்போகும். யாராவது திருத்துவார்கள். பயந்துபோய் எல்லா இடத்திலும் 'ஆம்', 'இஸ்' ஒட்ட ஆரம்பிப்போம். 'ஐ ஆம் அக்ரீ' அப்படிப் பிறந்ததுதான். 'அக்ரீ' தானே ஒரு வினை, அதற்கு இன்னொரு துணை வேண்டாம்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்று பேசினால் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கணப் புத்தகம் இந்த வினைகளுக்கு ஒரு நீளப் பட்டியல் தரும். அதை யாரும் மனப்பாடம் செய்து உருப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது, தமிழிலிருந்தே எடுத்தது. 'நான்' போடாமல் 'எனக்கு' போட்டுச் சொல்லும் வினைகளைக் கவனியுங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல 'நோ', 'லைக்', 'வான்ட்', 'அண்டர்ஸ்டேண்ட்', 'ரிமெம்பர்', 'ஹேவ்' ஆகியவற்றைப் போடுகிறோம். இவைதான் பொதுவாக 'இங்' ஏற்காத வினைகள்! தமிழில்கூட 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னால் கேட்பவர் முகம் சுளிப்பார், இல்லையா? நாமாகச் செய்வது 'நான்', நமக்கு நேர்வது 'எனக்கு'. இந்த உணர்வு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கிலம் பேசும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். எனக்கு வலிக்கிறது என்பது மாதிரி சில வினைகள் இந்தக் கணக்கில் அடங்காது. இருந்தாலும் பட்டியலைவிட இது கைகொடுக்கும்.

எ, ஆன், தி

இந்த மூன்றும் தமிழில் இல்லாத சமாச்சாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். அந்த மகள்…" கதை சொல்லும் எந்தப் பாட்டியும் இப்படித்தான் ஆரம்பிப்பார். முதல்முறை வரும்போது 'ஒரு', கேட்பவருக்கு ஆள் தெரிந்த பிறகு 'அந்த'. 'எ', 'தி' இரண்டுக்கும் இதுதான் அடிப்படை விதி. வரலாறும் இதையே சொல்கிறது. 'ஆன்' என்பது 'ஒன்று' என்ற எண்ணுப்பெயரின் தேய்ந்த வடிவம். 'தி' பிறந்தது 'அந்த' என்று சுட்டும் சொல்லிலிருந்து.

ஒற்றுமை இன்னும் போகிறது. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', மெய்யெழுத்துக்கு முன்னால் 'ஒரு' என்று பள்ளியில் படித்தோமே: ஓர் ஊர், ஒரு வீடு. அங்கேயும் உயிரொலிக்கு முன் 'ஆன்', மெய்யொலிக்கு முன் 'எ'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். 'அவர்' (மணி நேரம்) எழுதும்போது 'ஹெச்' என்ற மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ஒலி உயிர்தான், எனவே 'ஆன் அவர்'. 'யுனிவர்சிட்டி' 'யூ' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது 'ய்', எனவே 'எ யுனிவர்சிட்டி'. இந்த 'ன்' வந்து ஒட்டுவதிலும் விலகுவதிலும் ஆங்கிலேயர்களே தடுமாறியிருக்கிறார்கள். மேலே கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று சொன்னதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டார்கள், 'ந்' போயே போய்விட்டது.

இன்னொன்று, இதை நான் கண்டுபிடித்த நாளில் சந்தோஷமாக இருந்தது. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதலாவதைக் கேட்டால் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டால், "ஓ, அன்றைக்குச் சொன்னாயே, அதையா?" என்று தோன்றும். அஃறிணைப் பொருளுக்கு 'ஐ' போட்டால் அது பெரும்பாலும் தெரிந்த பொருள். அதாவது, 'ஐ பாட் எ புக்', 'ஐ பாட் தி புக்'. நம்மிடம் 'தி' இல்லாமல் இல்லை, வாலில் ஒளிந்திருக்கிறது.

இந்தச் சோதனை தவறும் இடங்களும் உண்டு. சூரியன், சந்திரன் மாதிரி ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு 'அந்த' என்று நாம் சொல்ல மாட்டோம், அவர்கள் 'தி சன்' என்பார்கள். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியவை ஆங்கிலத்தில் தண்ணீர் மாதிரி, எண்ண முடியாதவை. தமிழில் ஒரு தகவல், இரண்டு தகவல்கள் என்று எண்ணுகிற பழக்கத்தில் 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்றோ 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றோ சொல்லிவிடுகிறோம். மற்றபடி, பேச்சில் ஒரு 'தி' விட்டுப்போனால் யாருக்கும் அர்த்தம் புரியாமல் போகாது. எழுத்தில் கவனமாக இருங்கள், பேச்சில் இதற்காகத் தயங்கி நிற்காதீர்கள்.

ஆக, இலிருந்து, இருக்கிறேன், விட்டேன்

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் எது என்பது தீராத கேள்வி. தமிழிலேயே விடை இருக்கிறது. "ஐந்து வருடமாக" என்பதில் வரும் 'ஆக' தான் 'ஃபார்'. "2019-இலிருந்து" என்பதில் வரும் 'இலிருந்து' தான் 'சின்ஸ்'. நீளத்துக்கு முன்னது, தொடங்கிய புள்ளிக்குப் பின்னது. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது 'ஐந்து வருடத்திலிருந்து' என்று சொல்வது போலத்தான் ஒலிக்கும்.

ஆனால் இங்கே வேறொரு கண்ணி இருக்கிறது. "ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்" என்பது தமிழில் நிகழ்காலம். அதே நிகழ்காலத்தை ஆங்கிலத்தில் போட்டு 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்போம். அவர்கள் கணக்கில், அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிற செயலுக்கு 'ஹேவ் பீன்' வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர்'.

'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' வித்தியாசமும் நமக்குப் புதிதல்ல. 'பார்த்தேன்' முன்னது. 'பார்த்திருக்கிறேன்' பின்னது, அனுபவம் உண்டு என்பதைச் சொல்வது. 'முடித்துவிட்டேன்' என்று இப்போது கையில் இருக்கும் முடிவைச் சொல்வதும் பின்னதில் சேரும்: 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்'. ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் 'நேற்றே முடித்துவிட்டேன்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே', அவ்வளவே.

இடத்தைக் குறிக்கும் குட்டிச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஒற்றை 'இல்' அங்கே 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாக உடைகிறது. நேரத்துக்காவது ஓர் ஒழுங்கு உண்டு: மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. மற்றவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டியதுதான். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, பின்னால் 'அபௌட்' போடாதீர்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

'ஆமாம்' என்று சொல்லி மாட்டிக்கொண்டது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. 'டிட்ன்ட் யூ கெட் தி லெட்டர்?' கடிதம் வரவில்லையா என்று கேட்கிறார்கள். வரவில்லை. நான் உற்சாகமாக 'யெஸ்!' என்றேன். 'ஆமாம், வரவில்லை' என்பது என் கணக்கு. 'வந்துவிட்டது' என்பது அவர்கள் கணக்கு. 'குட்' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் நான் கடிதத்துக்குக் காத்திருந்தேன், அவர்கள் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

நாம் 'ஆமாம்' என்று சொல்வது, நீ சொன்னது சரி என்பதற்காக. ஆங்கிலத்தின் 'யெஸ்' கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பார்க்காது. நடந்ததா, 'யெஸ்'. நடக்கவில்லையா, 'நோ'. எதிர்மறையாகக் கேட்டாலும் மாறாது. 'நோ, ஐ டிட்ன்ட்' என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றும் எனக்கு நாக்கு பழைய பக்கமே திரும்புகிறது. அதனால் வெறும் 'யெஸ்', 'நோ' சொல்லி நிறுத்துவதில்லை, பின்னால் ஒரு முழு வாக்கியத்தைச் சேர்த்துவிடுவேன்.

'யூ' என்றால் நீயா, நீங்களா?

நீங்கள்தான்! ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ஒருமைக்கு 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. 'யூ' பன்மைக்கானது, மரியாதைக்கும் அதையே பயன்படுத்தினார்கள். மரியாதை கூடிக்கூடி எல்லோரையும் 'யூ' என்றே அழைக்க, 'தௌ' வழக்கொழிந்தது. ஆக, காணாமல் போனது 'நீ'.

சிக்கல் என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே சொல் என்றான பிறகு அதில் மரியாதை எங்கே மிஞ்சும்? 'கொடு' என்பதற்கும் 'கொடுங்கள்' என்பதற்கும் இடையில் நாம் காட்டும் அத்தனை பணிவும் 'உங்கள்' என்ற வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வால் இல்லை, ஆகவே 'கிவ் மீ தி ஃபைல்' என்று மட்டும் சொன்னால் அது 'கொடு' தான். நாம் மனத்தில் 'கொடுங்கள் சார்' என்று நினைத்துக்கொண்டே சொல்லியிருப்போம், கேட்பவர் காதில் அதட்டலாக விழும். 'குட் யூ', 'வுட் யூ' என்று கேள்வியாக்கிச் சொல்வதுதான் அவர்களுடைய 'உங்கள்'. 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்' பணிவுக்கு ஏன் வருகிறது என்று கேட்கலாம். காலத்தில் ஓரடி தள்ளி நின்றால் பேச்சிலும் ஓரடி தள்ளி நிற்பது போல.

ஒரு காகிதத் துண்டு

இதுவரை ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வந்தேன். இப்போது அது கைவிடும் இடம். குண்டூசிக்கும் 'பின்', குப்பைக்கூடைக்கும் 'பின்'. முதுகும் 'பேக்', பையும் 'பேக்'. நம் எழுத்துக்கு 'ப' ஒன்றுதான், 'க' ஒன்றுதான். அழுத்திச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா என்பதை, சொல்லில் அந்த எழுத்து வருகிற இடமே நமக்குச் சொல்லிவிடும். பல்லுக்கும் தம்பிக்கும் ஒரே 'ப' தானே, ஒலி வேறல்லவா? ஆங்கிலத்தில் அவை இரண்டு தனி எழுத்துகள், மாறினால் பொருளே மாறிவிடும்.

விரலகலக் காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு குண்டூசியைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் படபடக்கும், ஒரு சின்ன மூச்சு வெளியே பாயும். நாம் 'பல்' என்று சொல்வது போலச் சொன்னால் காகிதம் அசையாது. மூச்சில்லாத அந்த 'ப' அவர்கள் காதில் குப்பைக்கூடையாக விழ நிறைய வாய்ப்பு உண்டு. முதுகுக்கும் பைக்கும் வேறு தந்திரம்: முடிவில் வரும் மெய்யைவிட நடுவில் வரும் உயிர்தான் காட்டிக்கொடுக்கும். பையைச் சொல்லும்போது நடு உயிரை இழுங்கள், முதுகுக்குச் சட்டென்று வெட்டுங்கள்.

இதைவிடவும் முக்கியமானது அழுத்தம். நாம் எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே எடையில் சொல்வோம். ஆங்கிலம் ஓர் அசையை ஓங்கி அடித்து, மற்றவற்றை மென்று விழுங்கிவிடும். படத்துக்கு 'ஃபோ'வில் அடி: 'ஃபோ-ட்ட-க்ராஃப்'. படமெடுக்கும் கலைக்கு 'டா'வில் அடி: 'ஃப-டா-க்ர-ஃபி'. 'ஃபோ-ட்ட-க்ரா-ஃபிக்' என்றால் 'க்ரா'வில் அடி. அடி மாறியதும் பக்கத்து உயிர்களெல்லாம் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். அவர்கள் வேகமாகப் பேசுவதாக நமக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்த விழுங்கல். புதுச் சொல் படிக்கும்போது எங்கே அடி என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், பேசுவதைவிடக் கேட்பதில்தான் முதலில் பலன் தெரியும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கோபப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல், அது உங்கள் குற்றமில்லை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார், அதன் பிறகு எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை அவர்களுடைய நெடில் உயிர்களெல்லாம் வாய்க்குள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, நாக்கு நடந்துகொண்டே இருந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' முன்னால் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் உண்மையிலேயே 'க்' என்று ஒலித்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' நடுவில் இருக்கிற 'பி' கதையே வேறு. அதை எந்த ஆங்கிலேயரும் ஒலித்ததே இல்லை. லத்தீன் மூலச்சொல்லில் 'பி' இருக்கிறதே என்று படித்தவர்கள் பின்னால் செருகியது.

எத்தனையாவது?

கடைசியாக, எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி. "லிங்கன் அமெரிக்காவின் எத்தனையாவது அதிபர்?" இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது? 'சிக்ஸ்டீன்த்' என்று பதில் சொல்ல அவர்களுக்குச் சொல் இருக்கிறது. கேள்வி கேட்கத்தான் வழக்கில் ஒற்றைச் சொல் இல்லை. லிங்கனுக்கு முன்னால் எத்தனை அதிபர்கள் இருந்தார்கள் என்றோ, வரிசையில் அவர் எந்த எண் என்றோ சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் சேர்த்து அவர்களிடம் ஒரே 'வீ' இருப்பது போலத்தான் இதுவும். பள்ளி நாளில் 'ஹவ்மெனியத்' என்று ஒரு சொல்லை நானே தயாரித்து, பரீட்சைத் தாளிலும் எழுதி வைத்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். சரியான சொல்லை மட்டும் எழுதவில்லை.